கைப்பேசி நிலப்படங்களும் சர்வே புலப்படமும்: எதை எதற்கு நம்பலாம்?

நிலத்தைக்கொண்டு ஜீவிப்பவர்களுக்கு மூன்று விஷயங்கள் திட்டமாய்த் தெரிந்திருக்கவேண்டும். நிலத்தின் எல்லை எது, அதற்குப் போகும் வழி எது, அதற்குப் பாயும் நீர் எங்கிருந்து வருகிறது என்பனவே அவை. முற்காலத்தில் இவற்றை அறிய விரும்பினவர் கிராமக் கணக்கரிடம் செல்வார். அல்லது ஊரில் வயது முதிர்ந்தவர்களின் ஞாபகத்தை நாடுவார். இக்காலத்திலோ ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் உலகம் முழுவதையும் காட்டும் நிலப்படச் செயலிகள் உள்ளன. விரலால் தொட்ட மாத்திரத்தில் தம் கிணறும், வரப்பும், மாந்தோப்பும் திரையில் தோன்றுவதைக் கண்ட பட்டாதார்கள் அதனைப் பெரிய சௌகரியமாகக் கருதுவது இயல்பே.

ஆனால், வழி காட்டுவதற்கென்று செய்யப்பட்ட படத்தைக்கொண்டு வேலி போடுவதும், பெரிய பரப்பைப் பொதுவாய்க் காட்டும் படத்தைக்கொண்டு ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் குறிப்பதும் சில இடங்களில் வழக்கமாகி வருகின்றன. இதனால் அண்டை நிலத்தாருடன் மனஸ்தாபமும், வழக்கும், வீண் செலவும் நேரிடுகின்றன. ஒவ்வொரு நிலப்படமும் ஒரு குறிப்பிட்ட காரியத்திற்காகவே தயாரிக்கப்படுகிறது. அந்தக் காரியத்திற்கு அது உத்தமமாயிருக்கலாம். வேறொன்றிற்கு உபயோகித்தால் அதுவே தீங்கு விளைவிக்கும். இவ்விஷயத்தைத் திருத்தணிப் பிரதேசத்தை உதாரணமாகக்கொண்டு இங்கு விளக்குவோம்.

திருத்தணிப் பிரதேசத்தின் விசேஷம்

திருத்தணி, ஆந்திர எல்லைக்குச் சமீபத்தில், சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. நெல், கரும்பு, வேர்க்கடலை, மா முதலியன இப்பக்கத்தில் பயிராகின்றன. மலைமேலுள்ள முருகன் கோயிலுக்கு 365 படிகள் ஏறிச் செல்வோர், உச்சியில் நின்று நாற்புறமும் பார்த்தால், சாலைகளும், ஏரிகளும், ரயில் பாதையும், வயல்களும் விரித்த துணியில் எழுதினாற்போல் தெரியும். ஆனால் எந்த வயல் யாருடையது, எது பட்டா நிலம், எது புறம்போக்கு என்பவை அங்கிருந்து தெரியமாட்டா. செயற்கைக்கோள் எடுத்த படமும் அத்தகையதே. வரப்பு தெரியும், பட்டா தெரியாது. இவ்வொரு வித்தியாசத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

மற்றொரு விசேஷமும் உண்டு. 1911ஆம் ஆண்டில் அமைந்த சித்தூர் ஜில்லாவில் சேர்ந்திருந்த திருத்தணித் தாலூகா, எச். வி. படாஸ்கரின் மத்தியஸ்தத்தை அநுசரித்து இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்தில் சேர்க்கப்பட்டது. 1997 முதல் அது திருவள்ளூர் ஜில்லாவில் இருக்கிறது. அம்மத்தியஸ்தத்தில் கிராமமே பிரிவினைக்கு அலகாகக் கொள்ளப்பட்டது. ஆகையால் இப்பக்கத்தில் இரண்டு ராஜ்யங்களுக்கும் நடுவிலுள்ள எல்லை, கிராம எல்லைக் கற்களை ஒட்டி வளைந்து வளைந்து செல்கிறது. இத்தகைய எல்லை பெரிய பரப்பைச் சிறிதாய்க் காட்டும் படங்களில் நேர்க்கோடுகளாகச் சுருங்கிவிடுவது சகஜம். அந்தப் படங்களிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்ட செயலியில், எல்லையோரத்து வயல் ஒன்று அயல் ராஜ்யத்தில் இருப்பதாகத் தோன்றக்கூடும். அக்கோட்டைக் கண்டு எவரும் கலங்கவேண்டியதில்லை.

நிலப்படத்தைச் சோதிக்கும் ஐந்து கேள்விகள்

ஒரு விதை நெல்லை வாங்குமுன் அதன் முளைப்புத்திறனையும் கலப்பையும் பார்ப்பதுபோல, ஒரு நிலப்படத்தை நம்புமுன் ஐந்து கேள்விகளைக் கேட்கவேண்டும்.

முதலாவது, இடம் சரியா? படத்திலுள்ள கிணறு, தரையிலுள்ள கிணற்றின் ஸ்தானத்திலேயே இருக்கிறதா? இரண்டாவது, காலம் எது? படம் எடுக்கப்பட்டதும் சாலை முதலியன குறிக்கப்பட்டதும் எந்த வருஷத்தில், எந்தப் பருவத்தில்? மூன்றாவது, விடுபட்டது என்ன? வண்டிப்பாதை, ஓடை, மதகு, கலங்கல் முதலியன குறிக்கப்பட்டிருக்கின்றனவா? நான்காவது, பெயர் சரியா? ஐந்தாவது, உபயோகிக்க எளிதா? அதாவது, தமிழில் இருக்கிறதா, சமிக்ஞை கிடைக்காத இடத்திலும் திறக்கிறதா, என்ன விவரம் கொடுத்தால் விடை தருகிறது?

இவற்றுள் கடைசிக் கேள்வியை மாத்திரம் கேட்டு முதல் நான்கையும் விட்டுவிடுவதே பெரும்பாலோர் செய்யும் பிசகு. உபயோகிக்க எளிதாயிருப்பதனாலேயே ஒரு படம் உண்மையானதாகிவிடாது.

வழி காட்டும் செயலிகள்

இவ்வகையில் அநேகர் உபயோகிப்பது 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கூகுள் மேப்ஸ் ஆகும். இந்தியாவில் 1995 முதல் நிலப்பட வேலை செய்துவரும் மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பிள்ஸ் என்பதும் இவ்வகையைச் சேர்ந்தது. உபயோகிக்கும் எளிமையில் இவற்றிற்கு நிகரில்லை. ஊர்ப்பெயரை வாயால் சொன்னாலும் வழி காட்டும். கூகுள் மேப்ஸில் ஒரு பிரதேசத்தின் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சமிக்ஞையில்லாத இடத்திலும் பார்க்கலாம்.

இவற்றின் விவரங்கள் எவ்வாறு திரட்டப்படுகின்றன என்பதை அறிந்தால் இவற்றின் பலமும் பலவீனமும் விளங்கும். செயற்கைக்கோள் படங்கள், பல ஸ்தாபனங்களிடம் பெற்ற விவரங்கள், உபயோகிப்போர் அனுப்பும் திருத்தங்கள் ஆகியவற்றோடு, சாலையில் செல்வோரின் கைப்பேசிகள் நகரும் வேகமும் கணக்கில் கொள்ளப்படுகிறது. எனவே ஆயிரக்கணக்கானோர் செல்லும் திருப்பதிப் பெருவழியில் விவரம் பெரும்பாலும் சரியாயிருக்கும். நாளொன்றுக்கு இரண்டு டிராக்டர் மாத்திரம் செல்லும் ஏரிக்கரைப் பாதையில் அவ்வாறு எதிர்பார்க்க இயலாது. வாகன நடமாட்டம் உள்ள இடத்தில் விவரமும் மிகும். இல்லாத இடத்தில் குறையும்.

திருவாலங்காட்டிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகள் இதைக் கவனிக்கவேண்டும். கூகுள் மேப்ஸ், காருக்கும் இருசக்கர வாகனத்திற்கும் வழி சொல்லுமேயன்றி, பாரம் ஏற்றிய லாரிக்கென்று தனி வழி காட்டுவதில்லை. பாலத்தின் தாங்கும் சக்தி, ரயில் பாதையின்கீழ்ச் செல்லும் வழியின் உயரம், மழையில் அங்கு நிற்கும் தண்ணீர், கரையின் அகலம் முதலியவற்றைச் செயலி சொல்லும் என்று எதிர்பார்ப்பது தவறு. ஆடிக் கிருத்திகை முதலிய உற்சவ காலங்களில் திருத்தணியில் போக்குவரத்து மாற்றப்படும்போது, அம்மாற்றம் செயலிக்கு எட்டுமுன் வண்டி நெரிசலில் சிக்கிக்கொள்ளும்.

காலம் தவறிய விவரம் எவ்வளவு அபாயகரமானது என்பதற்கு ஒரு துயரச் சம்பவம் போதும். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உத்தரப் பிரதேசத்தின் பரேலிக்கு அருகில், வழிகாட்டும் செயலியைப் பின்பற்றிச் சென்றதாகச் சொல்லப்பட்ட கார் ஒன்று, ராமகங்கை நதிமேல் வெள்ளத்தினால் ஒரு பகுதி அழிந்திருந்த பாலத்திலிருந்து விழுந்து மூவர் இறந்தனர். பாலம் படத்தில் இருந்தது, தரையில் இல்லை. தடுப்பு வைக்கவேண்டிய பொறுப்பு வேறொருவருடையதாயினும், இரவில் அறியாத பாதையில் செல்பவர் படத்தைவிடத் தம் கண்ணையும் ஊராரின் வார்த்தையையும் அதிகமாக நம்பவேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

பொதுஜனங்கள் வரையும் படம்

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. இது ஒரு கம்பெனியின் உடைமையன்று. யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு இதில் சாலை, கிணறு, மதகு முதலியவற்றைக் குறிக்கலாம். பிறர் குறித்ததைத் திருத்தலாம். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, நீர் சூழ்ந்த தெருக்களைப் பொதுஜனங்களே இப்படத்தின்மேல் குறித்து உதவினர். இதன் படங்களைக் காட்டும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் முதலிய செயலிகளில், வேண்டிய பிரதேசத்தை ஒரு முறை இறக்கிக்கொண்டால் இணையமில்லாமலே உபயோகிக்கலாம். மலையடிவாரங்களில் இது மிகவும் அனுகூலம்.

இதன் குணமும் குறையும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. உற்சாகமுள்ள ஒருவர் இருக்கும் கிராமத்தில் கால்வழியும் ஓடையும்கூடக் குறிக்கப்பட்டிருக்கும். அடுத்த கிராமம் வெறும் வெளியாயிருக்கும். வெறும் வெளியாகத் தெரிவதால் அங்கே ஒன்றுமில்லை என்று எண்ணக்கூடாது. யாரும் எழுதவில்லை என்றே பொருள். கிராமத்தில் படித்த இளைஞர்கள் இருப்பின், வண்டிப்பாதை, குளம், பள்ளிக்கூடம், கொள்முதல் நிலையம் ஆகியவற்றை இதில் குறிக்கச் செய்வது ஊருக்கு நன்மை. ஆனால் தனி மனிதருடைய நில எல்லையை இதில் வரைவதனால் எவ்வித உரிமையும் உண்டாகாது.

பெயர் விஷயத்தில் இப்பக்கத்தில் தனிச் சிரமம் உண்டு. தமிழில் ‘கண்டிகை’ என முடியும் ஊர்ப்பெயர்கள் எல்லைக்கு அப்பால் தெலுங்கில் ‘கண்டிரிக’ என வழங்குகின்றன. அதே முடிவுடைய ஊர்கள் பலவாகையால், ஒன்றைத் தேடினால் மற்றொன்று வரும். ‘திருத்தணி’ என்பதையே ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதுகிறார்கள். ஆகையால் உரம் கொண்டுவரும் லாரிக்கோ கால்நடை மருத்துவருக்கோ ஊர்ப்பெயரை மாத்திரம் அனுப்பாமல், நிலத்தில் நின்றுகொண்டு இருப்பிடக் குறியையே அனுப்புவது நலம்.

தேசப் படங்களும் அளவுவிகிதமும்

இந்திய விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனம் 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட ‘புவன்’ என்னும் இணையப்படத்தில், நில உபயோகம், தரிசு நிலம், நிலத்தடி நீர் வாய்ப்பு முதலியவற்றைக் காட்டும் படங்கள் உள்ளன. 1767ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் இந்திய சர்வே இலாகாவின் தேசப் படங்களையும் பதிவு செய்துகொண்டு இணையத்தில் பெறலாம். மலையின் உயரக்கோடுகள், ஓடைகள் செல்லும் திசை, ஏரிக்கு நீர் வரும் பரப்பு ஆகியவற்றை அறிய இவை சிறந்தவை. ஆனால் உபயோகிக்கும் எளிமையில் இவை வழிகாட்டும் செயலிகளுக்குப் பிற்பட்டவை. பழகிய ஒருவரின் உதவியோடு பார்ப்பது நலம்.

இவற்றுள் பெரும்பாலானவை 1:50,000 என்னும் விகிதத்தில் தயாரிக்கப்பட்டவை. அதாவது படத்தில் 1 மில்லிமீட்டர், தரையில் 50 மீட்டர். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் பக்கம் சுமார் 63.6 மீட்டர், அது இப்படத்தில் சுமார் 1¼ மில்லிமீட்டர். ஓர் ஏக்கர் ஒரு கடுகளவே என்றால் மிகையாகாது. பென்சிலால் கால் மில்லிமீட்டர் பருமனுக்கு ஒரு கோடு இழுத்தால் அதுவே தரையில் 12½ மீட்டர் அகலத்தை மறைத்துவிடும். திரையில் அதனை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் விவரம் கூடுவதில்லை, கோடுதான் பருக்கிறது. எனவே நிலத்தடி நீர் வாய்ப்புப் படத்தில் நல்ல நிறம் காட்டுகிறதென்று, வயலின் இன்ன மூலையில்தான் நீர் உண்டு என முடிவு செய்து ஆழ்துளைக் கிணறு போட்டுப் பணத்தை இழக்கவேண்டாம். படம் அந்தப் பிரதேசத்தின் பொது இயல்பைச் சொல்லும். இடத்தை நிர்ணயிக்க ஸ்தலத்தில் நிலவியல் பரிசோதனை செய்யவேண்டும்.

பழைய தேசப் படங்களில் அட்சரேகை, தீர்க்கரேகைகள் எவரெஸ்ட் கணக்கை அநுசரித்தவை. கைப்பேசி அநுசரிப்பது வேறு கணக்கு. பழைய படத்தில் கண்ட எண்களை அப்படியே கைப்பேசியில் இட்டால் இடம் 100 மீட்டருக்கு மேலும் விலகக்கூடும். புதிதாய் வெளியிடப்படும் படங்களில் இந்த இடர்ப்பாடு இல்லை.

சர்வே புலப்படம்

இனி நில எல்லைக்கு ஆதாரமான புலப்படத்தைக் கவனிப்போம். எப்.எம்.பி. என வழங்கும் இப்படம் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் தனித்தனியே உள்ளது. கற்களுக்கு இடையே சங்கிலியால் அளந்து, மூலைவிட்டங்களும் குறுக்களவுகளும் எழுதிச் செய்யப்பட்டது. 1:1000, 1:2000 போன்ற பெரிய விகிதத்தில் வரையப்படுவதால், முன் சொன்ன ஓர் ஏக்கர் நிலம் 1:2000 விகிதத்தில் சுமார் 32 மில்லிமீட்டர் பக்கமுள்ளதாகத் தெளிவாய்த் தெரியும். 1923ஆம் ஆண்டு 8-வது சட்டமாகிய சர்வே மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி, முறைப்படி முடிக்கப்பட்டு அறிவிக்கப்பட்ட சர்வே, சிவில் கோர்ட்டுத் தீர்ப்பினால் மாற்றப்பட்டாலொழிய, எல்லைக்கு முடிவான சாட்சியமாகும். வேறெந்தச் செயலிக்கும் இந்த அந்தஸ்து கிடையாது.

தமிழ்நாட்டு அரசாங்கத்தின் இணையச் சேவையில் ஜில்லா, தாலூகா, கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு ஆகிய விவரங்களைக் கொடுத்து, பட்டா, சிட்டாவையும் புலப்படத்தையும் பெறலாம். சர்வே நம்பரை அறியாதவர் புலப்படத்தைப் பெறுவது சிரமம். ஆகவே எல்லாப் பட்டாதார்களும் தங்கள் நம்பர்களையும் உட்பிரிவுகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வது முதற்கடமை. எல்லைக்கு அப்பால் நிலமுள்ளவர்கள் ஆந்திர அரசாங்கத்தின் ‘மீ பூமி’ இணையதளத்தில் பார்க்கவேண்டும். அந்த ராஜ்யத்தில் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மறு சர்வே தொடங்கப்பட்டது. அது முடிந்த கிராமங்களில் பழைய சர்வே நம்பருக்குப் பதிலாக நிலத்துண்டுப் பட எண் கொடுக்கப்படுகிறது. இரு எண்களையும் ஒத்துப் பார்த்துச் சேர்த்து எழுதிவைப்பது அவசியம்.

புலப்படத்திலும் குறைகள் இல்லாமலில்லை. பாகப்பிரிவினையோ கிரயமோ நடந்தும் உட்பிரிவு செய்யப்படாதிருந்தால், படம் பழைய நிலைமையையே காட்டும். கல் பிடுங்கப்பட்டிருந்தால், படத்திலுள்ள புள்ளியைத் தரையில் காண்பது கடினம்.

தற்போது புலப்படங்களை ஒன்றோடொன்று இணைத்து, செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திக் காட்டும் சேவைகளும் வந்துள்ளன. கண்ணுக்கு இவை மிகவும் இனிமையானவை. ஆனால் இங்குதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். தனித்தனியே வரையப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்க்கும்போது ஓரங்கள் பொருந்தாமல் சிறிது இழுத்தும் சுருக்கியும் வைக்க நேரிடுகிறது. அடியிலுள்ள செயற்கைக்கோள் படமும், குன்றுகளின் பக்கத்தில், உயர வித்தியாசத்தினால் சற்று விலகி நிற்கக்கூடும். ஆகையால் அடுத்தவர் கிணற்றின் நடுவே உங்கள் எல்லைக்கோடு செல்வதாகத் திரையில் தோன்றினால், கிணறு உங்களுடையதென்று எண்ணிவிடவேண்டாம். புலப்படத்தில் எழுதப்பட்ட அளவுகள் ஆதாரமானவை. அவை திரையில் ஒட்டப்பட்ட ஸ்தானம் ஆதாரமன்று.

ஏரிகளின் விஷயத்தில் இவ்வித்தியாசம் மிக முக்கியம். கோடையில் எடுத்த படத்தில் ஏரி உலர்ந்த வெளியாகத் தெரியும். ஏரியின் எல்லை கிராமப் படத்திலும் அ-பதிவேட்டிலும் உள்ளதேயன்றி, அன்றைய தினம் தண்ணீர் நின்ற இடமன்று. திரையில் காலி மனையாகக் கண்டதை வாங்கினவர், பிறகு அது நீர்ப்பிடிப்புப் புறம்போக்கு என அறிந்தால், 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆக்கிரமிப்பாளராகக் கருதப்பட்டு வெளியேற்றப்படலாம். கொடுத்த பணம் திரும்புவது எளிதன்று.

ஒரு கணக்கு

திறந்த வானத்தின்கீழ்ச் சாதாரணக் கைப்பேசி தன் இருப்பிடத்தைச் சுமார் 5 மீட்டர் வித்தியாசத்திற்குள் காட்டும். மரநிழலிலும் கட்டடங்களின் பக்கத்திலும் வித்தியாசம் அதிகமாகும். முன் சொன்ன ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கத்து எல்லை மாத்திரம் 5 மீட்டர் தள்ளிக் குறிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். 63.6 மீட்டரை 5ஆல் பெருக்கினால் 318 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் ஆகையால், வித்தியாசம் ஏறக்குறைய 8 சென்ட் ஆகும். நூறு சென்டில் எட்டு! மலையடிவாரத்துப் புன்செயாயினும், பெருவழியோரத்து நிலமாயினும், எட்டு சென்டை வாய்மொழியாய் விட்டுக்கொடுப்பவர் எவருமிலர்.

வழி தேடுபவருக்கு இந்த 5 மீட்டர் ஒரு பொருட்டன்று. உழவு டிராக்டருக்கு வாடகை கணக்கிடவும், விதை, உரம் இவ்வளவு வேண்டுமென உத்தேசிக்கவும் கைப்பேசியைக் கையில் பிடித்து நிலத்தைச் சுற்றி நடந்து அளப்பது போதுமானது. வேலிக்கும், கிரயத்திற்கும், பாகத்திற்கும் அது போதாது. சர்வேயர்கள் தரைநிலையங்களின் திருத்தத்தோடு உபயோகிக்கும் கருவிகள் சில சென்டிமீட்டர் வரையில் நுட்பமாய்க் காட்டும். அவையும் கைப்பேசியும் ஒரே செயற்கைக்கோள்களைக் கேட்டாலும் ஒன்றாகா.

பட்டாதார்கள் தாமே செய்யக்கூடிய பரீட்சை

எந்தச் செயலியையும் நம்புமுன் பின்வருமாறு சோதித்துக்கொள்ளலாம். இதற்குச் செலவில்லை.

1. ஐயமின்றி அறிந்த ஓர் இடத்தில், அதாவது சர்வே கல், கிணற்றின் விளிம்பு, அல்லது மதகின்மேல், திறந்த வானத்தின்கீழ்ச் சில நிமிஷம் நின்று, கைப்பேசி காட்டும் புள்ளியைக் குறித்துக்கொள்க. வேறொரு நாளில் மறுபடியும் செய்க. இரு புள்ளிகளுக்கும் உள்ள தூரமே உங்கள் கைப்பேசியின் தடுமாற்றம்.

2. இரு நாளும் புள்ளி ஒரே பக்கமாக விலகியிருந்தால், பிசகு கைப்பேசியைவிடப் படத்தில் இருக்கலாம். வேறொரு செயலியில் அதே இடத்தைப் பார்த்தால் இது தெளிவாகும்.

3. சமீபத்தில் ஏற்பட்ட ஒரு மாறுதலை, உதாரணமாகப் புதிய கொட்டகையையோ வெட்டிய தோப்பையோ, படத்தில் தேடிப் பார்க்க. அது காணப்படாவிடில் படம் பழையது.

4. புலப்படத்தில் கண்ட ஒரு பக்கத்தின் நீளத்தை 30 மீட்டர் நாடாவால் தரையில் அளந்து ஒத்துப் பார்க்க. நீளம் ஒத்து, திரையில் இடம் ஒவ்வாதிருந்தால், திரையை விட்டுப் புலப்படத்தைக் கொள்க. நீளமும் ஒவ்வாவிடில், வரப்பு நகர்ந்திருக்கலாம், அல்லது கல் மாறியிருக்கலாம். அப்போது அண்டை நிலத்தாரோடு வாதாடாமல், கட்டணம் செலுத்தி ‘அத்து’ காட்டும்படி தாசில்தாருக்கு மனுச் செய்து, இரு தரத்தாரும் கூடியிருக்கச் சர்வேயரைக்கொண்டு அளந்துகொள்வதே முறை.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

பயிர் விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் பதியும் முறை இப்போது நாடெங்கும் பரவி வருகிறது. மத்திய சர்க்கார் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ரூ. 2,817 கோடி மதிப்பில் டிஜிட்டல் வேளாண் திட்டத்தை அங்கீகரித்தது. அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டில் நடந்த பயிர்க் கணக்கெடுப்பில் வேளாண் கல்லூரி மாணவர்களும் ஈடுபடுத்தப்பட்டனர். இம்முறையில் பதிவு செய்பவர் வயலுக்கே சென்று, சர்வே நம்பரோடு பொருத்திப் புகைப்படமெடுத்துப் பதியவேண்டும். பொருத்தப்பட்ட கிராமப் படம் ஒரு வயல் அகலத்திற்கு விலகியிருந்தால், ஒருவர் நெல் மற்றொருவர் நம்பரில் ஏறிவிடும். வெள்ளத்தில் பயிர் அழிந்து நிவாரணம் வழங்கும் காலத்தில்தான் இப்பிசகு வெளிப்படும். அப்போது ஏழைக் குடியானவரே நஷ்டமடைவார்.

ஆகையால் கிராம நிர்வாக அலுவலர்கள், பதிவு தொடங்குமுன் தங்கள் கிராமத்தில் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஐந்து இடங்களைத் தெரிந்தெடுத்து, மேற்சொன்ன பரீட்சையைச் செய்து, விலகல் கண்டால் எழுத்து மூலம் தெரிவிப்பது நலம். பட்டாதார்களும் தங்கள் நம்பரில் என்ன பயிர் பதிவாயிற்று என்பதை அறுவடைக்குப் பின்னர் அல்ல, பயிர் நிற்கும்போதே கேட்டறியவேண்டும். நின்ற பயிரைக் காட்டித் திருத்துவது எளிது. அறுத்த தாளைக் காட்டித் திருத்துவது கடினம்.

சாராம்சம்

இதுகாறும் கூறியவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லுமிடத்து: ஊருக்கும் சந்தைக்கும் ஆலைக்கும் வழி அறிய கூகுள் மேப்ஸ், மேப்பிள்ஸ் முதலியன உதவும், பாரம் ஏற்றிய வண்டிக்கு அவற்றோடு ஊராரின் வார்த்தையும் வேண்டும். சமிக்ஞை கிடைக்காத இடத்திற்கும், ஊரின் பாதைகளை ஊராரே குறித்து வைப்பதற்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் ஏற்றது. நீர்வரத்தையும் நிலத்தின் பொது இயல்பையும் அறிய புவனும் தேசப் படங்களும் ஏற்றவை. உழவுக் கூலியும் உரக் கணக்கும் பார்க்கக் கைப்பேசி அளவு போதும். எல்லை, கிரயம், பாகம், வேலி, புறம்போக்கு ஆகியவற்றிற்குப் புலப்படமும், அ-பதிவேடும், சர்வேயரின் சங்கிலியுமே ஆதாரம்.

மலையுச்சியில் நின்று பார்த்தவர் கீழே இறங்கி வந்து வரப்பில் நின்றுதான் வயலைப் பங்கிடவேண்டும். வரும் மழைக்காலத்திற்குமுன் ஒவ்வொரு பட்டாதாரும் தம் நிலத்தின் புலப்படப் பிரதியைப் பெற்று, கற்கள் எல்லாம் ஸ்தானத்தில் இருக்கின்றனவா என்று ஒரு தடவை சுற்றிப் பார்ப்பாராக. ஒரு நாள் பொழுதில் முடியும் இவ்வேலையினால், பல வருஷத்து வழக்கைத் தடுக்கலாம்.